மேசைப் பயிற்சியா, வீட்டோடு கலந்த பயிற்சியா? இரண்டிலும் மகனைச் சேர்த்துப் பார்த்த பிறகு

மகனுக்கு இரண்டரை வயதில் ஆட்டிசம் என்று உறுதியானது. இப்போது ஏழு வயது. இடையில் இரண்டு விதமான நடத்தைப் பயிற்சிக்கு அவனை அனுப்பினோம். இங்கே சிங்கப்பூரில், தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போதுகூட யாராவது ஒரு தாய் ஓரமாக அழைத்து, "அக்கா, எதில் சேர்த்தால் நல்லது?" என்று கேட்கிறார். நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எல்லாரும் 'ஏபிஏ' (ABA, நடத்தையைப் பகுத்துப் பார்த்துப் பயிற்றுவிக்கும் முறை) என்று ஒரே மருந்தைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். அடிப்படை ஒன்றுதான்: ஒரு செயலுக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பது. பின்னால் கிடைப்பது அவனுக்குப் பிடித்திருந்தால் அந்தச் செயல் மறுபடி வரும். ஆனால் இதை நடத்தும் விதத்தில் இரண்டு வழிகளுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

பிள்ளையை மேசைமுன் உட்காரவைத்து, கேள்வி, பதில், பரிசு என்று திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மேசைப் பயிற்சிதான் பழையது. கலிஃபோர்னியாவில் ஐவார் லோவாஸ் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பெயர் பெற்றது. வாரம் 40 மணி நேரம். 19 குழந்தைகளில் 9 பேர் வழக்கமான முதல் வகுப்பை முடித்தார்கள் என்றார். அந்த எண்ணைத்தான் இன்றும் பெற்றோரிடம் சொல்கிறார்கள். குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதையும், அப்போது தொடையில் அடிப்பதும் பயிற்சியில் இருந்தது என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நல்ல நிலையங்கள் அடியை எப்போதோ விட்டுவிட்டன.

வீட்டோடு கலந்த வழி, விளையாட்டுக்கும் அன்றாட வேலைக்கும் உள்ளேயே அதே விதியை வைக்கிறது. சாலி ராஜர்ஸ், ஜெரால்டின் டாசன் உருவாக்கிய டென்வர் முறை இதில் தெரிந்த பெயர். 2010இல் வந்த அவர்களுடைய ஆய்வில் ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குள் இருந்த 48 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். இந்தப் பயிற்சி பெற்றவர்கள் மொழியிலும் அறிவுத்திறனிலும் தெளிவாக முன்னேறினார்கள். அதில் பெற்றோரும் பயிற்சி கொடுத்தார்கள்.

செலவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். தனியார் நிலையத்தில் நாங்கள் கொடுத்தது மணிக்கு நூறு வெள்ளிக்கு மேல். வாரம் பத்து மணி நேரம் என்றாலே மாதம் நாலாயிரத்தைத் தாண்டும். அரசு மானியம் பெறும் எய்பிக் (EIPIC, சிறு பிள்ளைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சித் திட்டம்) நிலையங்களில் வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் வெகுவாகக் குறையும். இடம் கிடைக்க எங்களுக்கு ஆறு மாதம் ஆனது. எதைத் தேர்ந்தாலும் எய்பிக்குக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். ஆறு வயதுக்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிடும்.

சரி, முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். கற்றது வீட்டுக்கு வருகிறதா?

தனியார் நிலையத்தில் மேசைமேல் ஐந்து அட்டைகளைப் பரப்பி, "தண்ணீர் எது?" என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். மகன் சரியான அட்டையை எடுப்பான், உடனே பிஸ்கட் துண்டு ஒன்று கிடைக்கும். குறிப்பேட்டில் பத்துக்கு ஒன்பது. அதே சாயங்காலம் வீட்டில் தாகம் எடுத்தால் குளிர்பெட்டி முன்னால் நின்று என் கையைப் பிடித்து இழுத்து அழுவான். அட்டையை நீட்டினாலும் பார்க்கமாட்டான். மூன்று மாதம் எனக்கு இது புரியவில்லை. பிறகு ஒரு நாள் பளிச்சென்று பட்டது: அவனைப் பொறுத்தவரை அந்த அட்டைக்குப் பிஸ்கட்தான் வரும், தண்ணீர் வராது!

அப்புறம் வந்தவர் வாரம் ஒருமுறை வீட்டுக்கே வரும் தெரப்பிஸ்ட். அவர் மகனைவிட எங்களுக்குத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தார். முதல் வாரம் அவனோடு வெறுமனே சுற்றினார். அவனுக்கு உயிர் எது என்று பார்த்தார். லிஃப்ட். யீஷூனில் நாங்கள் பதினோராவது மாடி. பொத்தானை அழுத்தக் கிடைத்தால் போதும், அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

"பொத்தான்மேல் கையை வைத்து மறையுங்கள். அவன் முகத்தைப் பார்த்தபடி ஐந்து வரை மனசுக்குள் எண்ணுங்கள். 'மேலே' என்று நீங்கள் சொல்லிவிட்டு அவனை அழுத்த விடுங்கள். உங்கள் வீட்டில் என்ன மொழியோ, அதிலேயே செய்யுங்கள்" என்றார். முதல் இரண்டு வாரம் என் கையைத் தள்ளிக் கத்தினான். பக்கத்தில் நின்ற மலாய் மாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவது வாரம், கதவைப் பார்த்துக்கொண்டே "மே" என்றான். சட்டென்று கையை எடுத்தேன். அடுத்த மாதம் பாட்டியோடு போனபோது தானாகவே "மேலே" என்றிருக்கிறான். பிறகு விளையாட்டுத் திடலில் ஊஞ்சலில் உட்கார்ந்தும் "மேலே!" ஊஞ்சலுக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

சொல் எதைக் கேட்கிறதோ, அதுவே பரிசாக வந்தது. லிஃப்ட் நாளைக்கு நாலு தடவை வரும். வாழைப்பழம் உரிப்பது, செருப்பு மாட்டுவது, குழாயைத் திறப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு வாய்ப்பு.

இதற்கு உழைப்பு நிறையவே உண்டு. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடக்கவேண்டும். என் கணவருக்கு ஷிஃப்ட் வேலை. அத்தைக்கு இளகிய மனசு. மகன் கத்தினால் உடனே கைபேசியைக் கொடுத்துவிடுவார். பத்துத் தடவையில் ஒரு தடவை கத்தலுக்குப் பலன் கிடைத்தாலும் கத்தல் இன்னும் உறுதியாகும். கண்டுகொள்ளாமல் விட்டால் முதலில் கத்தல் கூடும், பிறகுதான் குறையும். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாவிட்டால், கூடுகிற அந்த இரண்டு மூன்று நாளில்தான் எல்லாரும் கைவிடுவார்கள். அத்தையைத் தெரப்பிஸ்ட் வரும் நேரத்தில் கூடவே உட்கார வைத்தோம். அதற்குப் பிறகு எங்களைவிடக் கண்டிப்பாக அவர்தான் நடந்துகொண்டார்.

மேசைப் பயிற்சியை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. பல் துலக்குவதை எட்டுப் படிகளாக உடைத்து அங்கேதான் கற்றான், இன்றும் அதே வரிசையில் துலக்குகிறான். தன்னையே அடித்துக்கொள்ளும் பிள்ளைக்கும், பேச்சே வராத பெரிய பிள்ளைக்கும் என் அனுபவம் போதாது. அங்கே தேர்ந்த நடத்தைப் பகுப்பாய்வாளர்தான் சொல்லவேண்டும். எங்கள் மகனுக்கு அந்த வயதில் எப்படியும் பேச்சு வந்திருக்குமோ என்றும் யோசித்திருக்கிறேன். ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டு அதை அளக்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தனியார் நிலையத்தில் ஒரு நாள் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். "என்னைப் பார்" என்று மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்கள். சந்தோஷத்தில் அவன் கையை உதறியபோது, இரண்டு கையையும் மேசைமேல் அழுத்தி வைத்தார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் தங்கள் சிறுவயதைப் பற்றி வேதனையோடு எழுதுவது இதைத்தான். அடுத்த மாதமே நிறுத்தினோம். இன்றும் லிஃப்ட் வரும்போது அவன் கைகள் உதறும். அதை நாங்கள் தடுப்பதில்லை.

நிலையம் பார்க்கப் போனால் ஒரு முழு அமர்வு உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் நாங்கள் செய்யவேண்டியதை யார், எத்தனை மணி நேரம் கற்றுக்கொடுப்பார்கள் என்றும் கேளுங்கள். நாங்கள் போன ஓர் இடத்தில், "பெற்றோர் உள்ளே இருந்தால் பிள்ளை கவனிக்கமாட்டான்" என்றார்கள். அங்கே சேர்க்கவில்லை.