கையெழுத்துப் படம் என்று 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன் – சேலம், ஏற்காடு பக்கம் பழசு வாங்குபவர்கள் படியுங்கள்

நேற்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்தில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று போட்டோ, 18,500 ரூபாய். மூன்றும் போலி.

நாடகம் எழுதியவர்கள், சினிமாவுக்குக் கதை வசனம் எழுதியவர்கள் கையெழுத்துப் போட்ட படங்களைப் பதினோரு வருஷமாகச் சேர்க்கிறேன். நடிகர்கள் படம் எங்கே போனாலும் கிடைக்கும். எழுதினவர்கள் படத்தைத்தான் யாரும் பத்திரமாக வைப்பதில்லை. அதிலும் சேலத்துக்காரனுக்கு இதில் தனிப் பாசம் உண்டு. டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் கலைஞரும் கண்ணதாசனும் உட்கார்ந்து எழுதிய ஊர் இது. இன்று ஏற்காடு ரோட்டில் அந்த முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு போனோம். அங்கே ஒரு பழம்பொருள் கடை. பெயர் போடவில்லை, வழக்கு என்று வந்தால் சிக்கல். பித்தளை விளக்கு, கிராமபோன், பழைய பூட்டு எல்லாம் அடுக்கியிருந்தார்கள். எழுதினவர்கள் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார்.

என்னைக் கவிழ்த்தது அடுத்து அவர் செய்ததுதான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையையும் நன்றாகத் துடைத்தார். பட்டர் பேப்பரைப் பிரித்து, படத்தை ஓரத்தில் மட்டும் பிடித்து நீட்டினார். “ஓரத்தைப் பிடிங்க தம்பி, ரேகை பட்டா போச்சு. எங்கப்பா நாடகக் கம்பெனியில ஆர்மோனியம் வாசிச்சவரு. அவரு பெட்டியில இருந்தது இது.” இப்படித் தொடுகிற மனிதர் பொய் சொல்வாரா? மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

முதல் படம் பம்மல் சம்பந்த முதலியார். கீழே ‘நாடகக் கலை வளர்க’ என்று எழுதி, கையெழுத்து, 1948. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. 1891-லேயே சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களை மேடையேற்றியவர் அவர். அவருடைய ‘மனோகரா’ நாடகம்தான் 1954-ல் கலைஞர் வசனத்தோடு படமாக வந்தது. அந்த நாடகத்தை எழுதினவரின் படம் என் கையில்! மற்ற இரண்டும் அண்ணாவும் கண்ணதாசனும். 22,000 கேட்டார். “கொஞ்சம் யோசிச்சு வாங்கலாங்க” என்று மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. 18,500-க்குப் பேசி அங்கேயே ஜிபே பண்ணிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு 76 வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. “டேய், இது 48-ல எழுதினதா? அப்புறம் எப்படிடா இந்த லை இப்படி இருக்கு?”

எனக்குப் பகீரென்றது. பழைய லை யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்து லகரத்தோடு ஒட்டியிருக்கும். பெரியார் தன் பத்திரிகைகளில் சீர்திருத்த எழுத்தை முன்பே கொண்டுவந்தார், சரி. ஆனால் அரசாணை போட்டு அது பொதுவழக்குக்கு வந்தது 1978-ல். அப்பா இன்றைக்கும் மளிகைச் சீட்டில் ‘கடலை’ என்று துதிக்கை போட்டுத்தான் எழுதுவார். 1873-ல் பிறந்த முதலியார், 1964-ல் காலமானவர், இன்றைய பள்ளிப் பிள்ளை மாதிரி லை போட்டிருப்பாரா?

அப்புறம் லென்ஸை எடுத்தேன். அண்ணா கையெழுத்தில் மை இல்லை, புள்ளி புள்ளியாக அச்சு. ரூபாய் நோட்டு பார்க்கிற நீல டார்ச்சை முதலியார் படத்தின் பின்பக்கம் அடித்தேன், பளீரென்று வெள்ளையாக ஒளிர்ந்தது. தாளை வெளுப்பாகக் காட்டுகிற அந்த ரசாயனம் 1948 போட்டோத் தாளில் இருக்காது. கண்ணதாசன் படத்தைச் சொல்லவே வேண்டாம்.

மறுநாள் போன் பண்ணினேன். “ஓனர் ஊருக்குப் போயிருக்காரு சார்.” மூன்று நாள் இதே பதில். நாலாம் நாளிலிருந்து என் நம்பரை எடுப்பதே இல்லை. போன வாரம் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி நேரில் போனேன். துண்டால் கை துடைத்த அதே மனிதர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. “ஒரிஜினல்னு நான் எழுதிக் குடுத்தேனா? பில்லைப் பாருங்க.” பார்த்தேன். ‘பழைய படம் – 3. ரூ.18,500.’ கையெழுத்து என்ற வார்த்தையே பில்லில் இல்லை. வாங்கின அன்று அதை நான் படிக்கவே இல்லை. அப்பா பெட்டியில் இருந்ததாகச் சொன்னீர்களே என்றேன். “எங்கப்பா பெட்டியில எத்தனையோ இருக்கும் தம்பி.” ஒரு பித்தளை விளக்கை எடுத்துப் போய்விடுங்கள் என்றார். 18,500 ரூபாய்க்கு விளக்கு! நேற்று மறுபடி போனேன். பையனை விட்டு, கடை சாத்தப் போகிறோம் என்று சொல்ல வைத்தார். மணி மூன்றரை.

விவரமாகப் பட்டியல் எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். யாருடைய கையெழுத்து என்று பில்லில் பெயரோடு எழுதி வாங்குங்கள், எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். லென்ஸும் நீல டார்ச்சும் கையில் இருக்கட்டும். வருஷம் போட்டிருந்தால், 1978-ல் வடிவம் மாறிய லை, ணை, னை, றா எழுத்துகளைப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்னால் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டேன். அதில் நடக்கவில்லை என்றால் சேலம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. மூன்று படத்தையும் அதே பட்டர் பேப்பரில் சுற்றி, பில்லோடு பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அந்தக் கடையில் இதே மாதிரி வாங்கினவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.