லினக்ஸோடு ஒன்பது வருடம்: தமிழ்ப் பக்கங்கள், உடைந்த கீல், இரண்டு கைப்பேசிகள்

2016 நவம்பரில் சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் 320 வெள்ளி கொடுத்து ஒரு பழைய திங்க்பேட் டி430 மடிக்கணினி வாங்கினேன். 2012இல் வந்த மாடல். அன்றிரவே அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 18 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். இதைத் தட்டிக்கொண்டிருப்பதும் அதே இயந்திரத்தில்தான். இடையில் இரண்டு முறை பேட்டரி மாற்றியாயிற்று, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாயிற்று. விசைப்பலகையில் ‘அ’ வரும் விசை தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டது. இப்போது ஓடுவது மின்ட் 22.

யீஷூனில் வீட்டிலிருந்தபடியே தமிழ் மொழிபெயர்ப்பும் பக்க வடிவமைப்பும் செய்கிறேன். சங்க மலர்கள், கோயில் அறிக்கைகள், கல்யாணப் பத்திரிகைகள், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியதிலிருந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “நாங்களும் உன்னை மாதிரி மாறிக்கலாமா?” என்று கேட்கிறார்கள். ஆளுக்கு அரை மணி நேரம் பேசுவதற்குப் பதிலாக என் அனுபவத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் தமிழ். எனக்குச் சோறு போடுவது அதுதான்.

தமிழ்க் கணிமைக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளைச் செய்தது இங்கே. 1997இல் தமிழ் இணைய மாநாடு நடந்தது இங்கே. உத்தமம் என்கிற உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000ஆம் ஆண்டில் உருவானதும் இங்கேதான். ஆனால் அந்தக் காலத்துக் கோப்புகளை இன்று திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், என்ன ஒரு வேதனை என்று. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சங்கத்தார் தங்களுடைய 1999ஆம் ஆண்டு மலரை மறுபதிப்புச் செய்ய வேண்டும் என்று ஒரு குறுவட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். திறந்தால் ஆங்கில எழுத்தும் விசித்திரக் குறிகளுமாக ஒரே குப்பை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தன் இஷ்டப்படி தமிழ் வடிவங்களை வைத்துக்கொண்டது. அந்த எழுத்துரு கையில் இல்லையென்றால் கோப்பு ஊமை.

ஓபன்-தமிழ் என்ற நிரலகம் (பைத்தான் மொழியில் எழுதிய ஆயத்த நிரல்களின் தொகுப்பு) அப்போது கைகொடுத்தது. எம்ஐடி உரிமத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பழைய குறியாக்கங்களை இன்றைய பொது முறையான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் பட்டியல்கள் அதில் இருக்கின்றன. என்னிடம் இருந்தது அந்தப் பட்டியல்களில் இல்லாத ஒரு குறியாக்கம். ஆனாலும் பட்டியல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று திறந்து பார்க்க முடிந்ததால், அதைப் பார்த்தே எனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டேன். நான்கு நாள் பிடித்தது. சிக்கல் எங்கே என்றால், பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே பதிவாகியிருக்கும்: முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் ‘க’, அப்புறம் துணைக்கால். ஒருங்குறியில் ‘க’ முதலில் வரவேண்டும், அதன் பின்னால் ஒகரக் குறி ஒரே எழுத்தாக. இதைச் சரியாக மாற்றாவிட்டால் பார்வைக்கு ஓரளவு ஒப்பேறிவிடும். தேடினால் ஒரு சொல்லும் சிக்காது. மறைந்துபோன உறுப்பினர்கள் பட்டியலில் தன் தாத்தாவின் பெயரைச் செயலாளர் தட்டித் தேடி, அது பளிச்சென்று மஞ்சளில் வந்து நின்றபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. அந்த நான்கு நாளும் வீண்போகவில்லை என்று அப்போது தோன்றியது.

வேர்டுக்குப் பதிலாக நான் பயன்படுத்தும் லிப்ரெஆபிஸ் பற்றி. 2010இல் ஓபன்ஆபிஸிலிருந்து பிரிந்து வந்தது. நான் தொடங்கிய சமயத்தில் தமிழ் வரிகளை அது காட்டும் அழகு அவ்வளவு நன்றாக இருக்காது. 2017இல் வந்த 5.3 பதிப்பில் எல்லா இயங்குதளத்துக்கும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். பாரசீகத்தில் அந்தப் பெயருக்குத் திறந்த எழுத்து என்று பொருளாம். எனக்கு மிகவும் பிடித்த பெயர். அதற்குப் பிறகு ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் எனக்குத் தொந்தரவு கொடுத்ததில்லை. எழுத்துப்பிழைத் திருத்தி மட்டும் இன்றைக்கும் ஏமாற்றம்தான். ‘வீடு’ தெரியும், ‘வீட்டில்’ தெரியும், ‘வீட்டிலிருந்தபடியே’ என்று எழுதினால் சிவப்புக் கோடு. சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டே போகும் மொழிக்கு வெறும் சொற்பட்டியல் போதாது. நான் அதை அணைத்து வைத்துவிட்டு, தாளில் அச்சடித்துப் பென்சிலோடு உட்காருகிறேன். பழைய அச்சுப் பக்கங்களைப் படித்தெடுக்க டெசரக்ட் என்ற மென்பொருள் உதவுகிறது. ஆனால் மங்கிய அச்சில் ‘ர’வையும் துணைக்காலையும் மாற்றி மாற்றிப் படிக்கும், கூடவே ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்தே தீரவேண்டும்.

ஒரு தடவை நன்றாக அடிபட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் வேர்டில் செய்த பதினாறு பக்க அட்டவணையை அனுப்பியிருந்தார். லிப்ரெஆபிஸில் திருத்தி அப்படியே வேர்டு கோப்பாகச் சேமித்துத் திருப்பி அனுப்பினேன். அவர் பக்கம் திறந்தால் நெடுவரிசைகள் இடம் மாறிக் கிடந்தன. மறுநாள் காலை அச்சுக்குப் போகவேண்டிய வேலை. விடியற்காலை நான்கு மணி வரை இருவரும் தொலைபேசியில். அன்றிலிருந்து அட்டவணை நிறைந்த வேலை என்றால் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுகிறேன்: கடைசியில் பிடிஎஃப் போதுமா, அல்லது உங்கள் ஆள் மறுபடி கைவைப்பாரா? கைவைப்பார் என்றால் தேசிய நூலகத்துக் கணினியிலோ தோழி வீட்டிலோ வேர்டில் ஒருமுறை திறந்து பார்க்காமல் அனுப்புவதில்லை.

எழுத்துரு விஷயத்தில் எனக்கு மனநிம்மதி கொடுத்தது நோட்டோ தமிழும் அதன் உரிமமும். எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவற்றை வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம், பிடிஎஃப்பில் பொதிக்கலாம், மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். எழுத்துருவைத் தனிச் சரக்காக விற்கத்தான் கூடாது. இந்தத் தொழிலில் யாரோ ஒருவருடைய தம்ப் டிரைவிலிருந்து எழுத்துருவை உருவிக்கொள்வது ரொம்ப நாள் வழக்கமாக இருந்தது. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன், தப்பு என்று தெரிந்தே. ஒரு எழுத்துருவை வரைய ஒருவர் எத்தனை மாதம் குனிந்து உட்கார்ந்திருப்பார் என்று யோசித்த பிறகு விட்டுவிட்டேன். உரிமத்தைப் படிக்கும் பழக்கம் வந்ததும் என் சொந்த உரிமையும் கண்ணில் பட்டது. 2021 நவம்பர் 21 முதல் இங்கே நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரின் பெயரையும் பொதுவாகக் குறிப்பிட வேண்டும். மொழிபெயர்ப்பும் படைப்புதான். இப்போதெல்லாம் விலைப்புள்ளியிலேயே “மொழிபெயர்ப்பாளர் பெயர் இடம்பெற வேண்டும்” என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். யாரும் மறுத்ததில்லை, கேட்காமல் இருந்த வருடங்களில் யாரும் போட்டதும் இல்லை.

அடுத்து, கீல். 2022இல் வேலை கூடியதால் புதிதாக ஒரு மடிக்கணினி வாங்கினேன், 1,380 வெள்ளி. அதிலும் மின்ட் போட்டேன். நான்காவது மாதம் இடப்பக்கக் கீல் விரிசல் விட்டது, மூடியைத் திறக்கும்போதெல்லாம் திரை துடிக்க ஆரம்பித்தது. கடைக்கு எடுத்துப் போனேன். விண்டோஸை எடுத்துவிட்டீர்கள், அதனால் உத்தரவாதம் போய்விட்டது என்றார்கள். கீல் உடைந்ததற்கும் இயங்குதளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், திரை துடிப்பது லினக்ஸால் இருக்கலாம் என்று பதில்.

வீட்டுக்கு வந்து இயந்திரத்தை அணைத்தேன். மறுபடி போடும்போது எஃப்2 விசையை அழுத்தி, எந்த இயங்குதளமும் எழாத பயாஸ் திரைக்குப் போனேன். மூடியை மெல்ல அசைத்தேன். அங்கேயும் திரை துடித்தது. அதைக் கைப்பேசியில் நாற்பது நொடி படம் பிடித்தேன், தேதி தெரியும்படி.

பிறகு சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2012 செப்டம்பர் 1 முதல் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வாணிபம்) சட்டத்தில் ‘லெமன் சட்டம்’ என்று சொல்லப்படும் பகுதி இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு விற்றவருடையது. முதலில் பழுதுபார்த்துத் தரவேண்டும் அல்லது மாற்றித் தரவேண்டும். நியாயமான நேரத்துக்குள் அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்கலாம். பழைய பொருளுக்கும் இது உண்டு, வயதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரண்டு வருடத்துக்குள், வழக்கறிஞர் கிடையாது. என் தொகைக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி. இந்தப் பத்து வெள்ளி விவரம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ரசீது, படம், சட்டத்தின் பகுதி எண், பதினான்கு நாள் கெடு, இவ்வளவையும் ஒரு பக்கக் கடிதத்தில் வைத்து அனுப்பினேன். எட்டாம் நாள் கீலும் திரைக் கம்பியும் மாற்றித் தந்தார்கள். மன்றத்துக்குப் போகவேண்டி வரவில்லை.

அன்றிரவு லினக்ஸின் மையமான கருவகத்தின் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பை முதல் முறையாக முழுதும் படித்தேன். பதினோராவது பிரிவு பெரிய எழுத்தில் சொல்கிறது: இலவசமாகத் தருவதால் எந்த உத்தரவாதமும் இல்லை. உறவுக்காரர்களிடம் நான் மறைக்காமல் சொல்வது இதைத்தான். மென்பொருள் காலை வாரினால் யாரிடமும் ரசீதை நீட்டமுடியாது. எனக்குக் காலை வாரவில்லை. ஆனால் மூன்று இடத்தில் காப்புப் பிரதி வைத்திருக்கிறேன், அதில் ஒன்று அக்கா வீட்டில்.

கைப்பேசியில் கதை வேறு. நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறந்தமூலச் செயலிகளைத் தரும் எஃப்-டிராய்ட் களஞ்சியத்திலிருந்து கடவுச்சொல் செயலி, குறிப்பேடு, வரைபடம் எல்லாம் போட்டு நிம்மதியாக இருந்தேன். 2023இல் ஒருநாள் என் வங்கிச் செயலி திறக்க மறுத்துவிட்டது. அதிகாரபூர்வக் கடைக்கு வெளியிலிருந்து வந்த செயலிக்கு அணுகல்வசதி அனுமதி (திரையைப் படிக்கவும் இயக்கவும் விடும் அனுமதி) இருக்கிறது, அதை நீக்கு என்றது. நீக்குவதற்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் கோபமாகவே இருந்தேன். அதற்கு முந்திய மாதம்தான், குளிரூட்டி சுத்தம் செய்யச் சலுகை என்று வந்த இணைப்பில் ஏதோ செயலியைப் போட்டு, எங்கள் புளோக்கில் ஒரு ஆன்ட்டி சேமிப்பை இழந்திருந்தார். 2024 பிப்ரவரியில் கூகல், இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து இப்படி வெளியிலிருந்து வரும் சில செயலிகளைத் தானாகத் தடுக்கும் முன்னோட்டத்தை முதலில் இங்கேதான் தொடங்கியது. 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த பகிரப்பட்ட பொறுப்புக் கட்டமைப்பின்படி சில போலி இணைப்பு மோசடிகளில் வங்கியும் தொலைத்தொடர்பு நிறுவனமும் இழப்பை ஏற்கவேண்டி வரலாம். கைப்பேசியில் புகுந்த தீங்குநிரல் வழியாக நடந்த மோசடி அதில் சேராது. ஆன்ட்டிக்கு நேர்ந்தது அந்த இரண்டாவது வகை. இதெல்லாம் தெரிந்த பிறகு வங்கி மேல் எனக்குக் கோபம் இல்லை. வங்கிக்கும், அரசாங்கச் சேவைகளில் நுழைய உதவும் சிங்பாஸுக்கும் ஒரு மலிவான கைப்பேசி, எனக்கென்று ஒன்று. இரண்டைச் சுமப்பது சிரமம்தான், ஆனால் வேறு வழி தோன்றவில்லை.

திறந்தமூலம் என்றால் எல்லாமே தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு, கோவிட் காலத்தில் யார் யாரோடு அருகில் இருந்தார்கள் என்று தடமறிந்த டிரேஸ்டுகெதரை நினைவூட்டுவேன். 2020 மார்ச்சில் செயலி வந்தது, ஏப்ரலில் அதன் அடிப்படை நிரல் ஓபன்ட்ரேஸ் என்ற பெயரில் ஜிபிஎல் 3 உரிமத்தில் வெளியானது. நானும் மகிழ்ச்சியோடு எட்டிப் பார்த்தேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அந்தத் தரவைப் பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த மாதமே அதை ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் இயற்றிச் சுருக்கினார்கள், நல்லது. என் கைப்பேசி என்ன செய்கிறது என்று நிரலைப் பார்த்துச் சொல்லலாம். தரவு போய்ச் சேர்ந்த இடத்தில் யார் கேட்டால் கொடுப்பார்கள் என்பதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

போன டிசம்பரில் உட்லண்ட்ஸ் மாமாவின் கணினிக்கு மின்ட் போட்டேன். அவருக்கு எழுபத்து நான்கு வயது, இயந்திரத்துக்கு ஒன்பது. மின்கழிவுப் பெட்டியில் போடுவதாக இருந்தார். “ஏம்மா, என் பேரப்பிள்ளைங்க படமெல்லாம் அப்படியே இருக்கும்ல?” என்று மூன்று தடவை கேட்டார். முதலில் படங்களை நகலெடுத்துக் காட்டிவிட்டுத்தான் கைவைத்தேன். தமிழ்99 விசைப்பலகையை வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் கையில் வந்துவிட்டது, தினமும் வாட்ஸ்அப் இணையத்தில் நீளநீளமாகத் தமிழில் எழுதி அனுப்புகிறார். பிரிண்டர் அச்சடிக்கிறது. ஸ்கேன் பகுதி மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கப் போகிறேன். அத்தை மீன்குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.