பர்மிங்காமுக்குள் நுழைய இரண்டு கால்வாய்கள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

இங்கிலாந்தின் வாரிக்ஷயர் கிராமப்புறத்திலிருந்து நேரோபோட் எனப்படும் குறுகிய நீளப் படகில் பர்மிங்காம் நோக்கி வருபவர்கள், கிங்ஸ்வுட் சந்திப்பில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இடப்புறம் திரும்பினால் ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாய். நேரே சென்றால் கிராண்ட் யூனியன் கால்வாய். இரண்டுமே நகரின் மையத்தில்தான் கொண்டு சேர்க்கின்றன. வாடகைப் படகில் குடும்பத்துடன் சென்ற நாங்கள், ஸ்ட்ராட்ஃபோர்ட் வழியாக நகருக்குள் நுழைந்து கிராண்ட் யூனியன் வழியாகத் திரும்பினோம். நகருக்குள் செல்வதற்கு ஸ்ட்ராட்ஃபோர்ட் வழியே மேல் என்பது என் முடிவு.

தூரம், வாடகை, எரிபொருள் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்தக் கால்வாயானாலும் வேக வரம்பு மணிக்கு 4 மைல்தான். பயணத்தின் தன்மையைத் தீர்மானிப்பவை லாக்குகள், அதாவது இரு முனையிலும் கதவு வைத்து, இடையே நீரை ஏற்றியோ இறக்கியோ படகின் மட்டத்தை மாற்றும் தொட்டிகள். அவற்றின் எண்ணிக்கையைவிட, அவை பயணத்தின் எந்தக் கட்டத்தில் வருகின்றன என்பதே முக்கியம்.

ஸ்ட்ராட்ஃபோர்ட் வழியில் ஏறக்குறைய 18 லாக்குகள் தொடக்கத்திலேயே, லாப்வொர்த் ஊரை ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர்கள் லாக்கின் நீர்மடையைத் திறக்கும் கைப்பிடியுடன் கரையில் நடந்து அடுத்த லாக்கைத் தயார் செய்துகொண்டே போகலாம். சுற்றிலும் வயல்களும் மரங்களும் இருப்பதால் பிள்ளைகளுக்கு அது வேலையாகவே தோன்றுவதில்லை. அங்குள்ள சில பாலங்களின் நடுவே கையகலம்கூட இல்லாத இடைவெளி ஒன்று விடப்பட்டிருப்பதைக் காணலாம். குதிரைகள் படகை இழுத்த காலத்தில், கயிற்றை அவிழ்க்காமலேயே அதன் வழியே விட்டு எடுத்தார்கள்.

கடைசி லாக்கின் மேல்கதவை மூடிவிட்டால், அதன்பின் நகரின் மையம் வரை, சுமார் 25 கிலோமீட்டருக்கு, திறக்க வேண்டிய லாக் ஒன்றுகூட இல்லை. ஷர்லியில் சாலைப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுத் தூக்குபாலத்தை மின்விசையால் உயர்த்த வேண்டும். பிறகு, முகப்பில் ஷேக்ஸ்பியரின் தலைச்சிற்பம் பதித்த 322 மீட்டர் பிராண்ட்வுட் சுரங்கம். கிங்ஸ் நார்ட்டனில் வூஸ்டர் கால்வாயுடன் இணைந்ததும் போர்ன்வில் சாக்லேட் ஆலை, அருகிலேயே ஓடும் ரயில் பாதை, பல்கலைக்கழக மணிக்கூண்டு என்று ஊர் சிறிது சிறிதாக நெருங்கி வரும். இறுதியில் காஸ் ஸ்ட்ரீட் படகுத்துறை. தண்ணீர் பறிபோய்விடும் என்று அஞ்சிய பழைய பர்மிங்காம் கால்வாய் நிறுவனம் இங்கே தன் கால்வாய்க்கும் வூஸ்டர் கால்வாய்க்கும் நடுவே 7 அடி அகலத் தடுப்பை நிறுத்தியிருந்ததால், 1815 வரை சரக்கு முழுவதையும் அதற்கு மேலாகக் கையால்தான் மாற்றினார்கள். இன்று அத்தடுப்பின் திறப்பு வழியே படகு தடையின்றிச் செல்கிறது.

கிராண்ட் யூனியன் வழியில் நிலைமை தலைகீழ். நோலில் 1930களில் கட்டிய, இரண்டு நேரோபோட்டுகள் பக்கம் பக்கமாக நிற்கக்கூடிய ஐந்து அகன்ற லாக்குகளில் ஏறியபின், கேம்ப் ஹில்லில் ஆறு குறுகிய லாக்குகளில் இறங்க வேண்டும்; பிறகு ஆஷ்டெட்டில் ஆறு, ஃபார்மர்ஸ் பிரிட்ஜில் பதின்மூன்று என்று மீண்டும் ஏற வேண்டும். ஆக மொத்தம் முப்பது. அவற்றில் இருபத்தைந்து, எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில், நகருக்குள் வருகின்றன. விஷமிகள் தண்ணீரைத் திறந்துவிடாதிருக்க அவற்றில் பலவற்றுக்குத் தனிப் பூட்டும் போட்டிருப்பதால், ஒவ்வொரு முறையும் அதற்கான சாவியையும் தேட வேண்டியிருக்கிறது.

இதற்கும் மேலான தொல்லை குப்பை. டிக்பெத் அருகே எங்கள் படகை உந்தும் நீருக்கடி விசிறியில் ஏதோ சுற்றிக்கொண்டது. என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, பின்தளத்தின் அடியிலுள்ள மூடியைத் திறந்து, தோள்வரை கையை நீருக்குள் விட்டுத் துழாவியபோது கிடைத்தது ஒரு போர்வையின் கிழிசலும் அதனுடன் முறுக்கிக்கொண்ட மின்கம்பியும். சமையலறைக் கத்தியால் அறுத்து எடுப்பதற்குள் விரல்கள் மரத்துப்போயின. ஸ்ட்ராட்ஃபோர்ட் வழியிலும் இது நேரலாம். ஆனால் அங்கே அடுத்த லாக் காத்திருக்காது.

கிராண்ட் யூனியன் வழியாக நான் நகரைவிட்டு வெளியேறியிருக்கிறேனே தவிர, உள்ளே சென்றதில்லை. குளிர்காலத்தில் இரண்டிலுமே சென்றதில்லை. எனவே மேலே சொன்னதைக் கோடைக்காலக் கணக்காகவே கொள்ளவும். மேலும், ஃபார்மர்ஸ் பிரிட்ஜை ஒதுக்கிவிடச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கட்டடத்தின் அடியிலும் ரயில் பாதையின் இருண்ட வளைவுகளுக்குக் கீழும் லாக் கதவைத் தள்ளும் வாய்ப்பு லாப்வொர்த்தில் கிடைக்காது. தொழில்நகர வரலாற்றில் ஆர்வமும், கரையில் நடக்க மூன்று நான்கு பெரியவர்களும் உள்ளவர்கள் அதையே விரும்புவார்கள்.

அதைத் திரும்பும் பயணத்திற்கு வைத்துக்கொள்வது நல்லது. நகரில் இரவு தங்கி, விடிந்ததும் உடலில் தெம்பு இருக்கும்போதே அந்தப் பதின்மூன்றையும் இறங்கிவிட்டால், மதிய உணவுக்கு முன் கேம்ப் ஹில்லையும் தாண்டிவிடலாம். அதற்கு ஆள்பலம் இல்லாதவர்கள் வந்த வழியே திரும்பலாம்.