அழிந்த பப்ளிக் ஃபோல்டரை மீட்க எக்ஸ்சேஞ்ச் சேர்வரே போதுமா?

மலையகத் தோட்டக் கந்தோர்களில் பலர் சேர்ந்து பார்க்க வேண்டிய ஏலக் கட்டலொக், புரோக்கர் கடிதம், இன்வொய்ஸ் எல்லாம் மெயில் சேர்வரின் பப்ளிக் ஃபோல்டரில்தான் குவிகின்றன. அதை ஒருவர் கைதவறி அழித்துவிட்டால், உடனே விலையுயர்ந்த மீட்பு மென்பொருளைத்தான் தேடுகிறார்கள். மைக்ரோசொஃப்டின் மெயில் சேர்வரான எக்ஸ்சேஞ்ச் 2019-க்கு உள்ளேயே இருக்கும் வசதி அநேகமான வேளைகளில் போதும். மறைவாக இருப்பதுதான் அதன் குறை.

அவுட்லுக் வழி இலகு. அழிந்த ஃபோல்டர் எதற்குள் இருந்ததோ அந்த மேல் ஃபோல்டரைத் தெரிவுசெய்து, ‘ஃபோல்டர்’ பட்டியில் ‘ரிக்கவர் டிலீட்டட் ஐட்டம்ஸ்’ அழுத்த வேண்டும். அங்கே வராவிட்டால் கட்டளைகளை எழுதி இயக்கும் பவர்ஷெல்தான்.

அழிந்தவை ‘நொன்_ஐபிஎம்_சப்ட்ரீ’ என்ற மறைவான ஃபோல்டர் தொகுதிக்குள் இருக்கும் ‘டம்ப்ஸ்டர்_ரூட்’டில் கிடக்கும். கெட்-பப்ளிக்ஃபோல்டர் கட்டளையை ‘ரிகர்ஸ்’, ‘ரிசல்ட்சைஸ் அன்லிமிட்டெட்’ இரண்டும் சேர்த்து ஓட்டி, பெயரால் வடிகட்டுங்கள். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனி டம்ப்ஸ்டர் இருப்பதால் விடை நீளமாக வரும். ரிசல்ட்சைஸை விட்டுவிட்டால் பட்டியல் பாதியில் நின்று, ஃபோல்டரே இல்லை என்று நம்ப வைத்துவிடும். கிடைத்த ஐடென்டிட்டியை (அந்த ஃபோல்டரின் அடையாளக் குறியை) செட்-பப்ளிக்ஃபோல்டருக்குக் கொடுத்து, ‘பாத்’ இடத்தில் மேல் ஃபோல்டரின் பாதையை மட்டும் எழுத வேண்டும். ஃபோல்டரின் சொந்தப் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டு, பிழைச் செய்தியைப் பார்த்து முழிப்பவர்கள் அதிகம். பதற்றத்தில் யாராவது அதே பெயரில் புதிய ஃபோல்டர் திறந்திருந்தால், முதலில் அதன் பெயரை மாற்றுங்கள். உள் ஃபோல்டர்களும் கூடவே திரும்பி வரும்.

வந்ததும் வேலை முடிந்தது என்று எழும்பிவிடக் கூடாது. அந்த ஃபோல்டருக்கு மெயில் முகவரி இருந்திருந்தால், எனேபிள்-மெயில்பப்ளிக்ஃபோல்டரை மறுபடி ஓட்டி பழைய முகவரியைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கொழும்பு புரோக்கர் அனுப்பும் மெயில் அவருக்கே திரும்பிப் போகும். முகவரி ஏற்கனவே பாவனையில் உள்ளதாக சேர்வர் மறுத்தால், பாவனையாளர், முகவரிப் பதிவுகள் இருக்கும் அக்டிவ் டைரக்டரியில் ‘மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சிஸ்டம் ஒப்ஜெக்ட்ஸ்’ பகுதியைத் திறந்து பாருங்கள். பழைய பதிவு அநாதையாக அங்கே கிடக்கக்கூடும். அனுமதிகளையும் ஒருமுறை சரிபாருங்கள். சிலருக்கு மட்டும் ஃபோல்டர் தெரியாவிட்டால் பயப்படத் தேவையில்லை: பப்ளிக் ஃபோல்டர்களைச் சேமித்துவைக்கும் மற்ற மெயில்பொக்ஸ்களுக்கு மாற்றம் போய்ச்சேர 15 நிமிடம், பாவனையாளர் இணைந்திராத மெயில்பொக்ஸாயின் 24 மணி நேரம் வரை ஆகலாம்.

இவை அனைத்தும் அழித்தவற்றைச் சேர்வர் வைத்திருக்கும் ரிட்டென்ஷன் காலம் முடியும்வரைதான். சாதாரண மெயில்பொக்ஸுக்கு வழமையாக 14 நாள்; பப்ளிக் ஃபோல்டருக்குத் தனி அமைப்பு உண்டு. அதை இன்றே பாருங்கள், டிஸ்கில் இடமிருந்தால் கூட்டுங்கள்.

காலம் கடந்தால், பெக்கப்பை ஏற்றி மீட்பதற்கான தனி டேட்டாபேஸான ரிக்கவரி டேட்டாபேஸ்தான். இடிமின்னலில் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டு நின்ற சேர்வரின் டேட்டாபேஸ் ஒழுங்காக மூடப்படாத ‘டேர்ட்டி ஷட்டவுன்’ நிலையில் இருக்கும். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் லொக் கோப்புகள் இல்லாமல் ஒழுங்காக ஏறாது. டேட்டாபேஸைப் பழுதுபார்க்கும் கருவியான ஈஎஸ்ஈயூட்டிலின் ‘பி’ சுவிட்சைக் கடைசி வரை தொடாதீர்கள். பழுதான பக்கங்களை அது தூக்கி எறிந்துவிடும். விலைக்கு வாங்கும் மென்பொருள் உதவுவது இந்தக் கட்டத்தில் மட்டும்தான், அதுவும் பெக்கப் கோப்பு கையில் இருந்தால்.

எக்ஸ்சேஞ்சின் இந்த மீட்பு வசதிக்குப் பத்துக்கு ஏழு கொடுக்கலாம். மீட்புப் பொத்தானை நிர்வாகத் திரையான அட்மின் சென்டரில் வைக்காததற்கு இரண்டு புள்ளி போயிற்று. மெயில் முகவரி தானாகத் திரும்பாததற்கு இன்னொன்று. 2019 பதிப்புக்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், புதிதாக அமைப்பவர்கள் அடுத்த பதிப்பான சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கே போகட்டும்.