சிங்கப்பூர் செட்டிநாடு ரெஸ்டாரன்ட் வேலை: ஃபேஸ்புக் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து ஃபேஸ்புக் குழுக்களிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இப்படி ஒரு விளம்பரம் சுற்றுகிறது: "சிங்கப்பூர் செட்டிநாடு ரெஸ்டாரன்ட். பரோட்டா மாஸ்டர், தோசை மாஸ்டர், கறி மாஸ்டர் உடனே தேவை. சம்பளம் 1,200 வெள்ளி. சாப்பாடு, ரூம் ஃப்ரீ. டைரக்ட் கம்பெனி, ஏஜென்ட் கிடையாது." வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர். மேலே ஒரு கடை முகப்பின் படம், கீழே வாட்ஸ்அப் எண். இதை நம்பிய சமையல்காரர் ஒருவரிடமிருந்து பணம் எப்படிப் போனது என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் பாஸ்போர்ட், ஆதார் இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். மறுநாள் போனில் இன்டர்வியூ. கேமரா போடவில்லை, கேட்டதும் நாலே கேள்வி. அன்று சாயங்காலமே ஆஃபர் லெட்டர் வந்தது. "அண்ணே, ஃபைல் ஓப்பன் பண்ண மட்டும் 2,500 போடுங்க" என்றார்கள். பிறகு மெடிக்கலுக்கு 4,800. அடுத்து ஐபிஏ, அதாவது ஒர்க் பெர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதம், என்று ஒரு பிடிஎஃப் வந்தது. அது வந்த கையோடு பாண்டு பணம் 30,000, ஸ்டாம்பிங் 18,000. நான்கு தடவையும் நான்கு வெவ்வேறு பெயருக்கு ஜிபே. டிக்கெட்டை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதும் அந்த எண் அணைந்துவிட்டது. போனது 55,300 ரூபாய்.

இதில் ஏமாற்று கடைசியில் தொடங்கவில்லை. விளம்பரத்தின் சம்பள வரியிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் இந்திய உணவகங்களுக்கு இந்தியாவிலிருந்து சமையல்காரரை ஒர்க் பெர்மிட்டில் எடுக்க 2023 செப்டம்பர் 1 முதல் அனுமதி உண்டு. ஆனால் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 1,200 வெள்ளிக்குச் சமையல்காரர் பெர்மிட் கிடைக்காது. கட்டுமானம், கப்பல் பட்டறை வேலைகளுக்கு விதி வேறு. அங்கே குறைந்த சம்பளத்தில் போனவர்களைப் பார்த்துப் பழகியதால்தான் இந்தத் தொகை நம் ஆட்களுக்கு உறுத்துவதில்லை.

பாண்டு என்பது முதலாளி சிங்கப்பூர் அரசுக்குக் கட்டும் 5,000 வெள்ளிப் பிணை. ஒர்க் பெர்மிட்டில் எடுக்கும், மலேசியர் அல்லாத ஒவ்வொரு ஆளுக்கும் அவர்தான் கட்ட வேண்டும். தொழிலாளியிடம் வாங்குவது அங்கே குற்றம். வெளிநாட்டுத் தொழிலாளிக்காக மாதாமாதம் அரசுக்குக் கட்டும் லெவி என்ற வரியும் பெர்மிட் விண்ணப்பக் கட்டணமும் முதலாளி பொறுப்புதான். ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் விசா முத்திரை, என்று தனியாக எதுவும் இல்லை. உள்ளே நுழைவதற்கான அனுமதி ஐபிஏ கடிதத்திலேயே அடங்கியிருக்கிறது. ஆக அந்த 48,000 ரூபாயும் ஒரு தொழிலாளி கட்டவே தேவையில்லாத பணம்.

ஐபிஏ தாளைப் பார்த்து மட்டும் நம்பாதீர்கள். பழைய உண்மையான கடிதத்தில் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மாற்றுவது சின்ன வேலை. சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் பெர்மிட் நிலையை நீங்களே பார்க்கலாம். அவர்கள் அனுப்பிய லிங்க்கையோ தாளில் உள்ள க்யூஆர் கோடையோ தொடாதீர்கள், முகவரியை நீங்களே அடியுங்கள். அது 'டாட் கவ் டாட் எஸ்ஜி' என்று முடிய வேண்டும். இன்னொன்று: ஒர்க் பெர்மிட் ஐபிஏவின் பிரதியைக் கிளம்பும் முன்பே தொழிலாளியின் தாய்மொழியில் கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். அதில் அடிப்படைச் சம்பளம், பிடித்தம், முதலாளி பெயர் எல்லாம் தனித்தனியாக இருக்கும். அந்தக் கடை நிஜமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பர்மா, மலேயா காலத்திலிருந்தே கடல் கடந்து உறவு வைத்திருக்கும் ஊர் இது. சிங்கப்பூரில் தமிழர்கள் கூடும் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் தெரிந்த ஒருவரை நேரில் போய்க் கேட்கச் சொல்வது பெரிய காரியமில்லை.

இந்தியப் பக்கத்தில் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பதே குற்றம். பதிவு பெற்ற ஏஜென்ட் விளம்பரத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட வேண்டும். அதை இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடுங்கள். எண் உண்மை என்பதோடு நின்றுவிடக் கூடாது, ஏனென்றால் நல்ல நிறுவனத்தின் எண்ணைத் திருடிப் போடுவது வழக்கமாகிவிட்டது. அங்கே பதிவாகியிருக்கும் முகவரியும் போன் எண்ணும் உங்களிடம் பேசுகிறவருடையதுதானா, பதிவு இப்போது செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். பிறகு அந்த அலுவலக எண்ணுக்கு நீங்களாகவே கூப்பிட்டு இந்த வேலை அவர்களுடையதா என்று கேளுங்கள். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், மொத்தம் 35,400. அதற்கும் ரசீது வேண்டும். ஒரிஜினல் பாஸ்போர்ட்டை யாரிடமும் 'பத்திரமாக இருக்கட்டும்' என்று விட்டு வராதீர்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது. விளம்பரத்துக்கு முன் அங்கே பார்ப்பது நல்லது.

மலேசியாவுக்கு ஏமாற்று வேறு விதம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் போய்வரலாம் என்றானதால், போலி விசா அடிக்கும் செலவுகூட ஏஜென்டுக்கு இல்லை. "டூரிஸ்டா உள்ள போயிருங்க தம்பி, அங்க பெர்மிட் மாத்திக்கலாம்" என்பார்கள். மாறாது. காலிங் விசா, அதாவது மலேசிய அரசு முன்கூட்டியே அனுமதித்த வேலை விசா, கையில் வந்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும். பத்தாவது தேறாதவர்களின் இசிஆர் ('குடிபெயர்வுச் சோதனை தேவை') பாஸ்போர்ட்டுக்கு, மலேசியாவில் வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதியும் வேண்டும்.

படித்த பிள்ளைகளுக்கு வருவது இதைவிடக் கொடியது. "தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிக்கெட் ஃப்ரீ" என்று டெலிகிராமில் வரும். பாங்காக்கில் இறக்கி, மே சோட் வழியாக ஆற்றைக் கடத்தி, மியான்மரின் மியாவடியில் மோசடி கும்பல்களிடம் அடைத்துவிடுகிறார்கள். 2022லேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தும் இந்த விளம்பரங்கள் நிற்கவில்லை. அங்கே போன பிள்ளையை மீட்க வீட்டார் படும் பாடு சொல்லி மாளாது. தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தகவல் போனால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைத் தயாராக வைத்திருங்கள். கோபத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள். எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஃபேஸ்புக் பக்கத்தின் பெயரோடு அதன் லிங்க்கையும் சேமியுங்கள். பெயரை அவர்கள் மாற்றிவிடுவார்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் பதிந்து, அந்த எண்ணோடு சிவகங்கை அல்லது புதுக்கோட்டை மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

ஆதார் நகல் கொடுத்தவர்கள் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்து, வாங்காததை அங்கேயே நீக்கச் சொல்லலாம். 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று கமென்ட்டில் வந்து முன்பணம் கேட்பவர்களும் மோசடிக்காரர்களே; பதில் போடாமல் பிளாக் செய்யுங்கள்.