எச்சில் குப்பியும் ஒப்புதல் படிவமும்: மரபணுப் பரிசோதனைப் பெட்டி குறித்த மதிப்புரை

அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூரியரில் வந்த பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் குப்பியும் திருப்பி அனுப்பும் கட்டணம் முன்பே கட்டிய உறையும் இருந்தன. அரை மணி நேரம் காபிகூடக் குடிக்காமலிருந்து, குப்பியில் போட்டிருந்த கோடு வரை எச்சிலை நிரப்பப் பத்து நிமிடம் பிடித்தது. நுரை கணக்கில் சேராது. அறிக்கை சொன்ன நாளில் வந்தது, தமிழிலும் கிடைத்தது. காபி எனக்கு எவ்வளவு தாங்கும் என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. ஏற்காட்டுக் காபியில் வளர்ந்தவனுக்கு இதைச் சொல்ல ஆய்வகம் எதற்கு என்று தங்கை கேட்டாள்.

குறை ஒப்புதல் படிவத்தில்தான் இருக்கிறது. செயலியில் 'ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம்' என்ற கட்டம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் அழிக்கும்படி எழுதியபோது, அறிக்கையை நீக்கிவிடுவதாகவும், ஏற்கெனவே ஆராய்ச்சிக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெற இயலாது என்றும் பதில் வந்தது. தங்கைக்கும் எனக்கும் மரபணுவில் சராசரியாகப் பாதி பொது. அத்தை மகனோடு எட்டில் ஒரு பங்கு. ஜாதகத்தையே ஆள் பார்த்துக் கொடுக்கிற குடும்பத்தில், இவர்கள் யாரையும் கேட்காமல் நான் ஒருவனே கையெழுத்திட்டிருக்கிறேன்.

என் மரபணு வழியாக அவர்களும் வெளிப்படுவார்கள் என்பது வீண் பயமன்று. கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகளாகத் தேடப்பட்ட கொலையாளியை 2018இல் காவல்துறை அடையாளம் கண்டது, தூரத்து உறவினர்களின் மரபணு விவரங்களைக் கொண்டுதான். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த உறவினர்கள் அதற்காகக் கொடுக்கவில்லை. 2023இல் ட்வென்டிதிரீஅண்ட்மீ என்ற அமெரிக்க மரபணுப் பரிசோதனை நிறுவனத்தில், வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களைக் கொண்டு சுமார் 14,000 வாடிக்கையாளர் கணக்குகளுக்குள் புகுந்தவர்கள், உறவினரைத் தேடித்தரும் வசதி வழியாக ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றனர். அந்நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தபோது, வாடிக்கையாளர்களின் மரபணுத் தரவும் விற்பனைக்குரிய சொத்தாகிவிட்டது. கடைசியில் அதன் நிறுவனர்களுள் ஒருவரே தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு வாங்கியது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை வலியுறுத்துகிறதே தவிர, மரபணுவுக்கெனத் தனி வகை எதையும் வைக்கவில்லை.

குடும்பத்தில் குறிப்பிட்ட நோய் இருந்து மருத்துவர் எழுதிக்கொடுத்தால், ஆலோசனையோடு மருத்துவமனையில் செய்துகொள்வதே சரி. ஆர்வத்துக்காக என்றால் இந்தப் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். தங்கைக்கென வாங்கிய இரண்டாவது பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். கூரியர் செலவைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள்.