லிஸ்பனா, பெர்லினா? பையைப் பிரிக்க ஓர் ஊர்

வியட்நாம், ஜார்ஜியா, துருக்கி என்று எட்டு மாதம் சுற்றிய பிறகு ஒரு நாள் என் மனைவி முதுகுப்பையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "துணி அடுக்க ஒரு அலமாரி வேணும், அவ்வளவுதான்" என்றாள். எனக்கு வேலை தர இருந்த நிறுவனத்துக்கு லிஸ்பன், பெர்லின் இரண்டிலும் அலுவலகம் உண்டு. எங்கே சேர்ந்தாலும் சரி என்றார்கள். ஜனவரியில் லிஸ்பன், பிப்ரவரியில் பெர்லின் என்று ஊருக்கு மூன்று வாரம் தங்கிப் பார்த்தோம். குளிர்காலத்தில் போய்ப் பார்த்ததுதான் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

கண்ணுக்கு லிஸ்பன்தான், பேச்சே இல்லை. ஜனவரியிலும் வெயில், தேஜு ஆற்றங்கரையில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கலாம். பெர்லினில் டிசம்பர் என்றால் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஆனால் வீட்டுக்குள் கதையே வேறு. லிஸ்பனின் பழைய வீடுகள் பலவற்றில் சூடேற்றும் வசதி கிடையாது. நாங்கள் இருந்த அறையில் காலையில் 13 டிகிரி. வெளியே போய்க் குளிர்காய்ந்துவிட்டு உள்ளே வந்து ஸ்வெட்டர் போட்டோம். மூன்றாவது வாரம் பையில் இருந்த கம்பளிச் சட்டையில் பூஞ்சணம். தோசை மாவு இரண்டு நாள் வைத்தும் பொங்கவில்லை. பெர்லினில் வெளியே மைனஸ் 4. அறையைச் சூடேற்றும் ரேடியேட்டர் பக்கத்தில் வைத்த அதே மாவு விடியும் முன் பாத்திரம் தாண்டி வழிந்திருந்தது. என் மனைவி அன்றே பாதி முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

பணக் கணக்கில் லிஸ்பன் மலிவு என்பது பழைய கதை. 2025-இல் போர்ச்சுகலில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 870 யூரோவாக இருந்தது. கோடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் கூடுதலாக ஒவ்வொன்று சேர்த்து வருடத்துக்கு 14 முறை தருவார்கள் என்பது ஓர் ஆறுதல். அதே வருடம் ஜெர்மனியில் குறைந்தபட்சம் மணிக்கு 12.82 யூரோ, முழுநேர வேலைக்கு மாதம் 2,200 சொச்சம் வந்தது. எனக்குச் சொன்ன இரண்டு சம்பளத்துக்கும் இடையே நல்ல வித்தியாசம். பார்த்த வீடுகளின் வாடகையில் அந்த வித்தியாசம் இல்லை.

வீட்டு விளம்பரம் படிக்கும்போது ஏமாறாதீர்கள். லிஸ்பனில் 'டி1' என்றால் ஒரு படுக்கையறையும் ஹாலும். பெர்லினில் அதையே 'இரண்டு அறை' என்று எழுதுவார்கள், ஹாலையும் எண்ணிவிடுவார்கள். அப்புறம் குளிர் வாடகை, சூடு வாடகை என்று இரண்டு தொகை இருக்கும். சூடேற்றுவது, தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்த சூடு வாடகைதான் உங்கள் கையிலிருந்து போகும் பணம்.

காகித வேலை இரண்டு ஊரிலும் உண்டு. லிஸ்பனில் எல்லாம் 'நிஃப்' என்கிற வரி எண்ணில் தொடங்கும். சூப்பர் மார்க்கெட்டில் பால் வாங்கினால்கூட கல்லாவில் அதைக் கேட்கிறார்கள். பெர்லினில் குடிபுகுந்த 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். "அறை தருகிறேன், பதிவு மட்டும் முடியாது" என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். ஆனால் பெர்லினை எனக்குத் தேர்ந்தெடுத்துத் தந்ததும் காகிதம்தான். படித்த வெளிநாட்டு வேலைக்காரர்களுக்கு ஜெர்மனி தரும் 'நீல அட்டை' அனுமதியில் வேலை பார்த்தால், ஜெர்மன் மொழியில் பி1 என்கிற நடுத்தர நிலை தேறியவர் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம், ஏ1 என்கிற ஆரம்ப நிலை மட்டும் தேறியவருக்கு 27 மாதம். போர்ச்சுகலில் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

மொழியில் மட்டும் என் மனசு இன்னும் லிஸ்பன் பக்கம். வீடு காட்டிய அம்மாள் 'ஷாவ்' என்று சாவியை நீட்டி, 'ஜனேலா' என்று ஜன்னலைத் திறந்து, 'அர்மாரியு' என்று அலமாரியைத் தட்டிக் காட்டியபோது என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் அவர்கள் கப்பலில் நமக்கு வந்த சொற்கள். அதே போர்த்துகீசியர்கள் வேகமாகப் பேசினால் உயிரெழுத்தையெல்லாம் விழுங்கிவிடுகிறார்கள், அது வேறு விஷயம். ஜெர்மனில் அப்படிச் சொந்தச் சொல் ஒன்றும் கிடைக்கவில்லை. 'ஏனென்றால்' போட்டுப் பேசினால் வினைச்சொல் நம் தமிழ் மாதிரி கடைசியில் போய் உட்காருகிறது, அது ஒரு சொந்தம். கறிவேப்பிலை இரண்டு ஊரிலும் கிடைக்கும். பெர்லினின் பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயிலே இருக்கிறது.

செப்டம்பரில் பெர்லின் வந்தோம், டிசம்பரில் வீடு கிடைத்தது. கதவைத் திறந்தால் சமையலறையில் இரண்டு குழாயும் ஒரு பிளக் பாயிண்டும் மட்டும். இங்கே பழைய குடித்தனக்காரர் தொட்டி, அடுப்பு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போவது சகஜமாம். முதலில் அடுப்பு, பிறகு தொட்டி, பிறகு கட்டில். ஏப்ரல் வரை துணி முதுகுப்பையில்தான் இருந்தது.